எலக்ட்ரிக் கிட்டாருக்கு மரம் தேர்ந்தெடுப்பது எப்படி: எடை, நெக், அழகு, அப்புறம் ஒலி

1956 வாக்கில் ஃபெண்டர் நிறுவனம் தன் ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரின் பாடி மரத்தை, அதாவது உடம்புக்கான மரத்தை, மாற்றியது. அதுவரை ஆஷ், அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆல்டர். மாற்றியதற்குக் காரணம் பெயிண்ட். ஆஷ் மரத்தின் துளைகள் பெரியவை. ஒவ்வொரு பாடிக்கும் பட்டி பார்த்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் வண்ணம் ஏற்ற முடியும். ஆல்டரில் அந்த வேலை கிட்டத்தட்ட இல்லை. மரமும் மலிவாக, தாராளமாகக் கிடைத்தது. ரேகை தெரியும்படி வெளிர் பொன்னிறத்தில் முடிக்கும் கிட்டார்களுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. இன்று 'ஆல்டர் டோன்', 'ஆஷ் டோன்' என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம். அந்த வாதத்தின் பிறப்பிடம் ஒரு பெயிண்ட் பட்டறை.

கிப்சன் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1952இல் வந்த லெஸ் பால் கிட்டாரின் மஹோகனி உடம்புக்கு மேல் மேப்பிள் பலகை ஒட்டியிருந்தது. ஆனால் அதன்மேல் தங்க நிறப் பெயிண்ட். மேப்பிளின் ரேகை எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. 1958இல் நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் சன்பர்ஸ்ட் பூச்சு வந்து மரத்தை வெளியே காட்டிய பிறகுதான் வரி விழுந்த மேப்பிளுக்குப் பித்துப் பிடித்தது.

கிட் வாங்கி நீங்களே கட்டப் போகிறீர்களா, ஒரு கிட்டார் தச்சரிடம் சொல்லிச் செய்யப் போகிறீர்களா, அல்லது கடையில் இரண்டு கிட்டார்களுக்கு நடுவே முழித்துக்கொண்டு நிற்கிறீர்களா? மூன்று பேருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். வழக்கமாக எல்லோரும் பாடி மரத்தில் தொடங்குவார்கள். நான் அதை நடுவில் வைத்திருக்கிறேன்.

படி 1: மரம் எந்த வழியாக ஒலிக்குள் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் மெல்லிய செம்புக் கம்பி. அதன் மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், ஆம்புக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு, போவது அதுதான். மரத்தின் அதிர்வைப் பிக்கப் நேரடியாகக் கேட்பதில்லை. மெழுகில் தோய்க்காத பழைய பாணி பிக்கப்பாக இருந்தால் பாடியைத் தட்டும் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். அது விதிவிலக்கு.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றுவழியில். கம்பிக்கு இரண்டு முனைகள்: ஒன்று பாடியின் மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில், மற்றொன்று நெக்கின் (விரல் ஓடும் நீண்ட கழுத்தின்) மேல்முனையில் கம்பியைத் தாங்கும் நட்டில், அல்லது நீங்கள் அழுத்தும் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டையில். இந்த முனைகள் கல்லில் அடித்த ஆணி போல அசையாமல் இருந்தால் கம்பியின் ஆற்றல் கம்பியிலேயே தங்கும். நிஜத்தில் முனைகள் மிக மிகக் கொஞ்சமாக அசையும். அந்த அசைவில் ஆற்றல் மரத்துக்குள் கசியும். எந்தச் சுரத்தில் எவ்வளவு கசிகிறது என்பதை மரத்தின் விறைப்பும் எடையும் தீர்மானிக்கின்றன. அவ்வளவுதான் சூட்சுமம்.

இரண்டு முனைகளில் எது அதிகம் அசையும்? பிரிட்ஜ் பக்கம் கனமான கட்டை, அதன்மேல் உலோகம். நெக் பக்கம் நீளமான, மெல்லிய, ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட குச்சி. ஆகவே கசிவின் பெரும்பகுதி நெக்கில்தான். பாடி மரத்தைப் பற்றி எவ்வளவோ பேசிவிட்டு நெக்கைக் கண்டுகொள்ளாமல் விடுவது இதனால்தான் எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது.

இதைக் கையால் உணரலாம். உங்கள் கிட்டாரில் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். எங்கேயாவது ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். நடு ஃப்ரெட்டுகளின் அருகே இது அடிக்கடி அகப்படும். பாஸ் கிட்டாரில் ஜி கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7ஆம் ஃப்ரெட் வரை இது பெயர் போன இடம். நெக்கின் இயல்பான அதிர்வெண்ணும் அந்தச் சுரமும் ஒத்துப்போவதால் நெக் அதை விழுங்கிவிடுகிறது. இப்போது நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறிய கிளாம்பை, நடுவே துணி வைத்து, மாட்டி மறுபடி மீட்டிப் பாருங்கள். செத்துக் கிடந்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்திருக்கும். மரம் ஒலியை மாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. பாருங்கள், இதில் மரத்தின் பெயர் எங்கும் வரவில்லை. எடையும் விறைப்பும்தான் வந்தன.

மரமே இல்லாமலும், அழுத்திய, ஒட்டிய பலகைகளிலும் நல்ல கிட்டார்கள் வந்திருக்கின்றன. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் செய்த, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற கிட்டாரின் உடம்பு வார்த்த அலுமினியம். டேன்எலெக்ட்ரோ கிட்டார்களின் மேலும் கீழும் இருந்தது மேசோனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகை. கிப்சன் ஈஎஸ்-335, 1958இல் வந்தது, இன்றும் ஆராதிக்கப்படுவது. அதன் மேல் பலகை ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். சில ஆண்டுகளுக்கு முன் நாஷ்வில்லைச் சேர்ந்த ஒரு கிட்டார்காரர் பாடியும் நெக்கும் இல்லாமல், இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, கீழே பிக்கப் வைத்து வாசித்துப் பதிவிட்டார். அவருடைய டெலிகாஸ்டர் கிட்டாருக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமமாகவே இருந்தது.

சதவீதம் கேட்காதீர்கள். வரிசை மட்டும் சொல்கிறேன்: ஆம்பும் ஸ்பீக்கரும், பிக்கப்பும் அதன் உயரமும் இடமும், கம்பி, பிக் என்கிற மீட்டுகோல், ஸ்கேல் நீளம், பிரிட்ஜ், அதன் பிறகு நெக், கடைசியாகப் பாடி. ஸ்கேல் நீளம் என்றால் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள தூரம். ஃபெண்டரில் 25.5 அங்குலம், கிப்சனில் 24.75. 'மஹோகனியின் இதமான ஒலி' என்று நாம் சொல்வதில் எத்தனை பங்கு இந்த முக்கால் அங்குலத்துக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கும் சேர வேண்டியது என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே குடைந்த கிட்டார்களுக்கு இது முழுதாகப் பொருந்தாது. அங்கே மேல் பலகை நிஜமாகவே அதிரும், ஃபீட்பேக்கும் வரும். பலகையின் கனமும் அமைப்பும் காதுக்குத் தெரியும்.

படி 2: எடையை முடிவு செய்யுங்கள்

நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு எடைதான் முதல் கேள்வி. ஸ்ட்ராடோகாஸ்டர் அளவுள்ள ஒரு பாடியில், குடைந்தது போக, கிட்டத்தட்ட 4 லிட்டர் மரம் இருக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டை எத்தனை கிராம் என்று தெரிந்தால் நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். உலர்ந்த மரத்தில் பவுலோனியா சுமார் 280 கிராம், பாஸ்வுட் 415, ஆல்டர் 450, லிம்பா 555, ஹோண்டுராஸ் மஹோகனி 590, வால்நட் 610, கடின மேப்பிள் 705. அதாவது ஆல்டர் பாடி 1.8 கிலோ, மேப்பிளிலேயே செய்தால் 2.8 கிலோ. ஒரு கிலோ வித்தியாசம் தோள்பட்டைக்கு நன்றாகவே தெரியும்.

இவை சராசரிகள். ஒரே மரத்தின் இரண்டு பலகைகள் கணிசமாக மாறுபடும். ஆஷ் இதற்கு மோசமான உதாரணம். 'ஸ்வாம்ப் ஆஷ்' என்பது தனி மர இனம் என்று பலர் நினைக்கிறார்கள். சதுப்பில், தண்ணீர் தேங்கும் இடத்தில் வளர்ந்த ஆஷ் மரங்களின் அடிப்பகுதியில் கிடைக்கும் இலேசான கட்டைக்கு வணிகப் பெயர்தான் அது. மேட்டு நிலத்து வெள்ளை ஆஷ் லிட்டருக்கு 675 கிராம் வரை போகும். வெறுமனே 'ஆஷ் பாடி' என்று எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். எடையைக் கிராமில் கேளுங்கள். பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ரொம்ப இலேசாகவும் போய்விடக் கூடாது. பாடி இலேசாகவும் நெக் கனமாகவும் இருந்தால் கையை எடுத்தவுடன் ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாயும். வாசிக்கும் இடது கையாலேயே நெக்கைத் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். பவுலோனியா பாடியோடு, கம்பியை முறுக்கும் டியூனர்களைக் கனமாகப் போட்டால் இதுதான் நடக்கும். முழுக் கிட்டாரும் 3.2 முதல் 3.7 கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். லெஸ் பால் வடிவம் 4 கிலோவைத் தாண்டுவது சகஜம்; அதனால்தான் பலர் உள்ளே குடைந்து எடை குறைக்கிறார்கள்.

படி 3: நெக்கைப் பாருங்கள், பொறுமையாக

காசையும் கவனத்தையும் இங்கே கொட்டுங்கள். பாடி கொஞ்சம் சுமாராக இருந்தால் கிட்டார் சுமாராக இருக்கும். நெக் முறுக்கிக்கொண்டால் கிட்டாரே இல்லை.

முதலில் இழை. நெக்கைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ரேகைகள் நட்டிலிருந்து அடிவரை நெக்கோடு சேர்ந்து ஓட வேண்டும். நடுவில் சரிந்து விளிம்பில் போய் முடிந்தால் அங்கே மரம் பலவீனம். கம்பி இழுக்கும் இழுப்பில் அந்த இடம்தான் முதலில் வளையும். கணு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அறுத்த விதம். நெக்கின் அடிப்பகுதி முனையில் ஆண்டு வளையங்கள் தெரியும். அவை ஃபிங்கர்போர்டுக்கு, அதாவது நெக்கின் முன்புறம் விரல் அழுத்தும் பலகைக்கு, செங்குத்தாக நின்றால் அது குவார்ட்டர்-சான். படுத்திருந்தால் ஃபிளாட்-சான். மரம் ஈரத்தில் ஊதுவதும் காய்ந்து சுருங்குவதும் வளையத்தின் வழியே அதிகம், வளையத்தைக் குறுக்கே கடக்கும் திசையில் ஏறக்குறைய பாதிதான். அதனால் குவார்ட்டர்-சான் நெக் பருவம் மாறும்போது குறைவாகவே திருகும். ஆனால் இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபெண்டரின் நெக்குகளில் பெரும்பாலானவை ஃபிளாட்-சான்தான். அரை நூற்றாண்டு தாண்டியும் அவை நேராக நிற்கின்றன. நன்றாகப் பதப்பட்ட ஃபிளாட்-சான், அவசரமாகக் காய்ந்த குவார்ட்டர்-சானைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ஒரே கட்டையா, ஒட்டியதா? மேப்பிளும் வால்நட்டும் மாறி மாறி மூன்று அல்லது ஐந்து பட்டைகளாக ஒட்டிய நெக்கில் ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன் திருகலைப் பிடித்து நிறுத்தும். மெலிந்த நெக் வேண்டுமானால் இதுதான் நல்லது. பின்னால் பட்டைப் பட்டையாகக் கோடு தெரிவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் அழகு. ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஃபெண்டர் பாணி மேப்பிள் நெக்கின் பின்புறம் ஓடும் ஒற்றைப் பழுப்புக் கோடு ஒட்டுப்பட்டை கிடையாது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைப் பின்பக்கம் வழியாக உள்ளே வைத்து மூடிய வால்நட் துண்டு அது.

நான்காவது, ஹெட்ஸ்டாக் கழுத்து. ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்த ஒரே கட்டை மஹோகனி நெக்கில், சாய்வு தொடங்கும் இடத்தில் இழை குறுக்கே வெட்டுப்படுகிறது. அதே இடத்தில் ட்ரஸ் ராடை முறுக்கும் திருகு மரைக்காகக் குடைந்தும் இருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை மல்லாக்க விழுந்தால் போதும். இதற்கு மாற்று, தனித் துண்டைச் சாய்வாக வெட்டி ஒட்டும் ஸ்கார்ஃப் மூட்டு. 'ஒட்டு வேலை, மட்டம்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மையில் அதில் இழை ஹெட்ஸ்டாக்கின் நீளத்தோடு ஓடுவதால் வலு கூடுதல்.

மரம் எதுவாக இருக்கலாம்? கடின மேப்பிள் பாதுகாப்பான தேர்வு. விறைப்பு, வலு இரண்டும் உண்டு. மஹோகனி இலேசானது, செதுக்க எளிது, ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் மேப்பிளைவிட மென்மை. வெங்கே விறைப்பு மிகுந்தது, எடையும் அப்படியே. வறுத்த மேப்பிள் இப்போது எங்கும் கிடைக்கிறது. காற்றில்லாத அறையில் மரத்தைச் சூடாக்கினால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறையும், நிறம் தேன் நிறத்திலிருந்து காபி நிறம்வரை மாறும். அசையாத நெக் வேண்டுமானால் நல்ல தேர்வு. ஒரே குறை, கொஞ்சம் நொறுங்கும் குணம். டியூனர் திருகுகளுக்குச் சரியான அளவில் முன்துளை போடாமல் திருகினால் பிளந்துவிடும். என் முதல் வறுத்த நெக்கில் ஆறாவது திருகில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த மயிரிழைப் பிளவு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு திருகின் மரைக்கு மெழுகு தடவாமல் நான் எதையும் திருகியதில்லை.

படி 4: ஃபிங்கர்போர்டு

விரல் தொடும் மரம் இது ஒன்றுதான். ஆகவே பாதி முடிவை விரலே எடுக்கட்டும்.

மேப்பிளுக்கு மேலே வார்னிஷ் கட்டாயம். இல்லாவிட்டால் வியர்வை இறங்கி, வாசிக்கும் இடமெல்லாம் சாம்பல் திட்டுகள் விழும். வார்னிஷ் பூசிய மேப்பிளில் விரலுக்கு வழவழப்பு. ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், தன் எண்ணெயிலேயே வாழும்; வார்னிஷ் வேண்டாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். கருங்காலி இன்னும் கடினம், இன்னும் இறுக்கம். கம்பியை இழுத்து வளைக்கும்போது கண்ணாடி மேல் போவது போல இருக்கும். ஆனால் காய்ந்தால் வெடிக்கும். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். காற்று ரொம்ப வறண்டால் எந்த ஃபிங்கர்போர்டும் அகலத்தில் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது. ஓரத்தில் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். 'ஃப்ரெட் வேலை சரியில்லை' என்று பழி போடும் முன் காற்றைப் பாருங்கள்.

கருங்காலி முழுக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். பழுப்பு வரி ஓடும் கருங்காலி அதே மரம், அதே கடினம். காட்டில் வெட்டிய பிறகு உள்ளே வரி இருக்கிறது என்று விட்டுவந்த மரங்கள் ஏராளம். வரி விழுந்ததைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கவும் தனி அழகு.

சட்டமும் இங்கே குறுக்கிடும். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது, கிட்டாரோடு எல்லை தாண்டுவதே தலைவலியானது. அந்தச் சமயத்தில்தான் பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறின. 2019 நவம்பரிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. 1992 முதலே அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய கிட்டாரில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தால் பயணத்துக்கு முன் காகிதங்களைச் சரிபாருங்கள்.

ஒலி? மேப்பிளுக்குத் துல்லியம், ரோஸ்வுட்டுக்கு இதம் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

படி 5: பாடி மரம்

இந்த இடத்தில் ஒலியைவிட 'இதில் வேலை செய்வது எப்படி, நாள்பட எப்படித் தாங்கும்' என்ற கேள்வி பயன்படும்.

ஆல்டர்: ரேகை சாது, வெளிர் பழுப்பு. எந்தப் பெயிண்டையும் ஏற்கும். ஒரே நிறத்தில் மூடப்போகிறீர்கள் என்றால் மறுபேச்சில்லாமல் இது. பாப்ளரும் இதே ரகம்தான், ஆனால் பச்சை சாயல் ஓடுவதால் பெயிண்டுக்கு அடியில் மட்டும் வையுங்கள்.

ஆஷ்: இதன் ரேகையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம், தடித்த, வளைந்த கோடுகள். ஒளி ஊடுருவும் வண்ணத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மரகதத் துளைப்பான் என்ற வண்டு வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைத் தின்று தீர்க்கிறது. 2020இல் ஃபெண்டரே ஆஷ் பயன்பாட்டைக் குறைப்பதாக அறிவித்தது.

பாஸ்வுட் மீது 'மட்ட ரக கிட்டாரின் மரம்' என்ற களங்கம் உண்டு. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியின் கிட்டார்கள் பெரும்பாலும் பாஸ்வுட். 1991இல் இன்னொரு கலைஞரான எடி வான் ஹேலனுக்காக மியூசிக் மேன் நிறுவனம் செய்ததும் மேப்பிள் மூடிய பாஸ்வுட்தான். இதன் நிஜமான குறை மென்மை. பெல்ட் கொக்கி இடித்தால் குழி விழும். திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து துளை தொளதொளக்கும். அப்படி ஆனால் ஒரு மரக்குச்சியைப் பசை தடவித் துளைக்குள் அடைத்து, காய்ந்ததும் மறுபடி துளையிடுங்கள்.

மஹோகனி: செவ்வண்ணம், நிதானமான ரேகை, துளைகள் உண்டு, பட்டி தேவை. இன்று 'மஹோகனி' என்ற பெயரில் ஆப்பிரிக்கக் காயா, சப்பேலி எல்லாம் வரும். மோசமில்லை, எடை மட்டும் மாறும். சப்பேலி லிட்டருக்கு 670 கிராம்.

லிம்பா: 1958இன் ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் இரண்டுக்கும் கிப்சன் 'கோரினா' என்ற பெயரில் பயன்படுத்திய மரம். பெயர் கவர்ச்சி, விலையும் கவர்ச்சி. குணத்தில் மஹோகனியின் மஞ்சள் தம்பி.

எத்தனை துண்டு ஒட்டி பாடி செய்தார்கள் என்பதும் கேள்வியாக வரும். இரண்டோ மூன்றோ துண்டுகள் பிரச்சினையே இல்லை. இழை ஒரே திசையில் ஓடுகிறதா, ஒட்டிய கோட்டில் நகம் தட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: வரி, அலை, அழகு

கண்ணுக்குக் கொடுக்கும் காசுக்கு வெட்கப்பட வேண்டாம். கையில் எடுக்கத் தூண்டும் கிட்டாரை நீங்கள் அதிகம் வாசிப்பீர்கள்.

மேப்பிளின் 'ஃப்ளேம்' எனப்படும் புலிவரியை உற்றுப் பாருங்கள். அங்கே நிறம் மாறவில்லை. இழை நேராக ஓடாமல் அலையலையாக ஓடுகிறது. ஒரு அலையின் முகத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது, அடுத்ததில் உள்ளே போய் மங்குகிறது. பலகையை மெல்லச் சாய்த்தால் வெளுத்த வரி கறுக்கும், கறுத்தது வெளுக்கும். வைடூரியக் கல்லைத் திருப்பும்போது ஒளிக்கோடு நகருமே, அதே விளையாட்டு. குவார்ட்டர்-சானாக அறுத்தால் ஃப்ளேம் நன்றாகத் தெரியும். மெத்தைத் துணி போலக் குமிழ் குமிழாக வரும் 'குவில்ட்' ஃபிளாட்-சானில்தான் மலரும். அது பெரும்பாலும் பெரிய இலை மேப்பிள், கடின மேப்பிளைவிட மென்மையானது.

ஒரே பலகையைக் கனத்தின் நடுவே இரண்டு மெல்லிய பலகைகளாகப் பிளந்து புத்தகம் போல விரித்து ஒட்டுவது புக்மேட்ச். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. நேரே பார்க்கும்போது இரண்டு பாதியும் கண்ணாடி பிம்பமாக இருக்கும், சாய்த்தால் ஒரு பாதி பளிச்சிட்டு மறுபாதி இருளும். இது தவறில்லை. ஒன்றின் இழைச் சரிவு மற்றதில் எதிர்த்திசைக்குப் போய்விடுவதால் வருவது.

விளம்பரத்தில் 'ஃப்ளேம் மேப்பிள் டாப்' என்று இருந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: அரை மில்லிமீட்டரை ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தாள், சில மில்லிமீட்டர் கனப் பலகை, அல்லது செதுக்கி வளைத்த ஒன்றரை சென்டிமீட்டர் பலகை. மூன்றும் பார்வைக்கு ஒன்றே. பிக்கப் குழியின் ஓரத்தில் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் கனம் தெரியும். படத்தை அச்சிட்டு ஒட்டியதும் உண்டு. அதைச் சாய்த்தால் வரி நகராது, செத்த மாதிரி அப்படியே இருக்கும்.

மேலே ஒரு மேப்பிள் பலகை ஏறினால் எடையும் ஏறும் என்பதை மறக்காதீர்கள். படி 2இல் போட்ட கணக்கை மறுபடி போடுங்கள்.

படி 7: பூச்சை மரத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்

மரத்தை வாங்கிவிட்டு நிறத்தை யோசித்தால் இரண்டு தடவை செலவு. ஒரே நிறப் பெயிண்ட் என்றால் புலிவரிக்குக் கொடுக்கும் காசு வீண். எண்ணெய்ப் பூச்சு என்றால் பாஸ்வுட் பாவம், ஒரே வாரத்தில் குழிகள். எண்ணெய்க்கு வால்நட்டும் மஹோகனியும் ஏற்றவை.

பூச்சுக்கு முன் மரம் எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு தந்திரம்: நாஃப்தா என்ற, எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். ஈரம் இருக்கும் அரை நிமிடத்துக்கு வார்னிஷ் பூசிய பிறகு வரப்போகும் நிறம் தெரியும். பசை சிந்திய இடமும் அப்போதே வெளுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதே தேய்த்து எடுங்கள். சாயம் ஏறிய பிறகு அழுவதில் பயனில்லை. பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது.

ஃப்ளேம் எடுப்பாகத் தெரிய வேண்டுமா? முதலில் கறுப்புச் சாயத்தை நீர்க்கக் கலந்து முழுப் பலகைக்கும் தடவுங்கள். காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அலையின் எந்தப் பகுதியில் இழை முனைகள் மேல்நோக்கி நிற்கின்றனவோ அங்கே சாயம் ஆழமாக இறங்கியிருக்கும், மற்ற இடத்தில் தேய்ந்துபோகும். இப்போது உங்கள் நிஜமான நிறத்தைத் தடவுங்கள். வரி எழுந்து நிற்கும். முதலில் ஒரு துண்டுப் பலகையில் முயன்று பாருங்கள். வெனீராக இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை, நாலு இழுப்பு கூடினால் கீழே உள்ள மரம் தெரிந்துவிடும்.

தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். ரோஸ்வுட், பாவ் ஃபெரோ, கோகோபோலோ தூள் பலருக்குத் தோலில் தடிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்று அலட்சியம் வேண்டாம். இந்த ஒவ்வாமை பழகப் பழகத்தான் வளரும்.

படி 8: இப்போது காதைக் கேளுங்கள்

கடையிலோ வீட்டிலோ இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது நாம் ஏமாறுவது மூன்று விதத்தில். முதலாவது சத்தம். எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்ல டோன் என்று காது சொல்லிவிடும். இரண்டிலும் கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை ஒன்றாக்கி, சத்தத்தையும் சமமாக்குங்கள். அடுத்தது கம்பி. ஒன்றில் புதுக் கம்பி, மற்றதில் ஆறுமாதக் கம்பி என்றால் நீங்கள் ஒப்பிடுவது கம்பியைத்தான். கடைசியாக, கண்.

ஆம்பில் மாட்டாமல் வாசித்து 'எவ்வளவு கணீரென்று ஒலிக்கிறது பாருங்கள்' என்று சொல்லும் விற்பனையாளரை நம்பி விடாதீர்கள். மாட்டாத கிட்டார் சத்தமாக ஒலித்தால், கம்பியின் ஆற்றல் மரம் வழியாகக் காற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். பிக்கப்புக்கு அடியில் அதிர வேண்டிய ஆற்றல் அது. மடியில் வைத்து வாசிக்கும்போது உடம்பில் உணரும் அதிர்வு இன்பமானது, அதற்காக வாங்கினால் தப்பில்லை. ஆனால் அதை வைத்து ஆம்பின் ஒலியைக் கணிக்க முடியாது.

செய்ய வேண்டியது சுலபம். ஒரே பாட்டின் நாலு வரியை இரண்டிலும் பதிவு செய்யுங்கள். நண்பர் ஒருவர் கோப்புகளுக்கு எண் மட்டும் போட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை கலைத்துப் போட்டுக் காட்டட்டும். எது எது என்று எழுதுங்கள். பாதிக்குப் பாதி சரியாக வந்தால் காசைச் சுண்டிப் போட்டதற்குச் சமம்.

நான் இதை ஒரே பிக்கப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே நெக்கை வைத்து, ஆல்டர் பாடிக்கும் ஆஷ் பாடிக்கும் செய்தேன். பன்னிரண்டில் ஏழு சரி. அப்புறம் ஆஷ் பாடியை அப்படியே வைத்துக்கொண்டு நெக்கை மட்டும் மாற்றினேன். பன்னிரண்டில் பத்து. ஆல்டர் பாடியை விற்றுவிட்டேன். ஆஷ் பாடி இன்னும் சுவரில் தொங்குகிறது. பட்டி சரியாகப் பார்க்காததால் கீழ்வளைவில் மூன்று துளைகள் இப்போதும் தெரிகின்றன.